போல்ட்டின் எடை

எங்கள் வீட்டில் எடை குறைக்க வேண்டியவர்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரர், நான், போல்ட்டு. டாக்டர் சொன்னபடி நடந்தே தீர வேண்டும் என்று முடிவானது போல்ட்டுக்கு மட்டும்தான். அது நாய். எதிர்த்துப் பேசாது.

போல்ட்டு டாஷண்ட் சாதி. நீள உடம்பு, குட்டைக் கால். கோயம்புத்தூரில் காலேஜ் சேர்வதற்கு ஆறு மாதம் முன்னால், நாய் இல்லாவிட்டால் தனக்குப் படிப்பே ஏறாது என்று அழுது என் மகள் வாங்கியது. பிறகு நாயை எங்களிடம் விட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போய் நன்றாகவே படித்துக்கொண்டிருக்கிறாள். பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர் மாசானம். திருவொற்றியூரில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் மனுஷனுக்கு வேறு என்ன பெயர் தோன்றும்? நட்டு என்று வைக்காமல் விட்டாரே, அதுவரைக்கும் சந்தோஷம்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் என்றால் எல்லோருக்கும் தெரியும். எங்கள் கடை அங்கே இல்லை. அங்கே இருப்பவர்கள் பிளேட்டும் கம்பியும் டன் கணக்கில் விற்கும் பெரிய ஆட்கள். நாங்கள் அதற்கு முன்னாலேயே ஒரு சந்துக்குள் இருக்கிறோம். மூன்று சக்கர மீன்பாடி வண்டியிலும் தள்ளுவண்டியிலும் ஆட்கள் கொண்டுவரும் உடைந்த சைக்கிள், துருப்பிடித்த தகரம், வளைந்த ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் எடை போட்டு வாங்குவோம். லோடு சேர்ந்ததும் உருக்காலைக்கு அனுப்புவோம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கடை இவருடைய ராஜ்ஜியம், வீடு என்னுடையது. ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் தலையிடுவதில்லை. இதை நான் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போல்ட்டு ஒரு இடத்தில் உட்காராது. பால் பாக்கெட் போடுகிறவர், காஸ் சிலிண்டர், மாடிப்படியில் செருப்புச் சத்தம், மெயின் ரோட்டில் வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரியின் ஹாரன், எல்லாவற்றுக்கும் ஓடிப்போய் பதில் சொல்லிவிட்டு வரும். சோபாவில் ஏறும், குதிக்கும், மறுபடி ஏறும். இவ்வளவு ஓடுகிற நாய்க்கு எப்படி உடம்பு போடும், அதெல்லாம் எலும்பு கனம் என்பது இவருடைய கட்சி. போல்ட்டின் வயிறு தரையைத் துடைத்துக்கொண்டு போக ஆரம்பித்த பிறகும் இவர் கட்சி மாறவில்லை.

அந்த எலும்புக்குள் போனது என்னவென்று கேளுங்கள். காலையில் இவர் தட்டிலிருந்து இட்லி இரண்டு, நல்லெண்ணெயில் குழைத்த பொடியோடு. இவர்கூடக் கடைக்குப் போனால் டீக்கடைப் பொறை பிஸ்கட். மத்தியானம் டில்லிபாபுவின் சாப்பாட்டுக் கேரியரில் ஒரு பங்கு. டில்லிபாபு பதினைந்து வருடமாக எங்கள் கடையில் எடை போடுகிறவர், வியாசர்பாடிக்காரர், தான் சாப்பிடும்போது எதிரில் யாரும் சும்மா நிற்கக் கூடாது என்று நினைக்கிற மனுஷன். மாலையில் மாடி வீட்டு ஞானபாக்கியம் அக்கா கொடுக்கும் முறுக்கு. ஒவ்வொருவரும் ஒரே ஒரு துண்டுதான் கொடுத்தார்கள். அத்தனை துண்டும் போனது ஒரே ஒரு வயிற்றுக்கு என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

வருஷத்துத் தடுப்பூசிக்குத் தேரடிப் பக்கம் உள்ள கிளினிக்குக்குக் கொண்டுபோனபோது டாக்டர் ஜெனி அதை எடை மெஷினில் நிறுத்தினாள். பன்னிரண்டு கிலோ நானூறு. சின்னப் பெண், என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் கூடுதலாக இருக்கும், ஆனால் முகத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிடுவாள்.

"ஒன்பது கிலோ இருக்க வேண்டிய நாய் ஆன்ட்டி. இதுக்கு முதுகு நீளம். இவ்ளோ கனத்தோட குதிச்சா டிஸ்க் நழுவும். நழுவுச்சுன்னா பின்னங்கால் ரெண்டும் போயிரும். மாசம் அரை கிலோவாவது குறைச்சுக்கிட்டே வாங்க."

மகள் போன பிறகு அந்த வீட்டுக்குள் நான் நுழைந்தால் எழுந்து வருகிற உயிர் போல்ட்டு ஒன்றுதான். இவர் டிவியிலிருந்து தலையைத் திருப்பினாலே பெரிய விஷயம். கடைத்தெருவுக்குப் போய்விட்டு அரை மணியில் திரும்பினாலும், பத்து வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவளை வரவேற்கிற மாதிரி அது ஓடி வரும். அந்தக் கால் போய்விடும் என்றால் என்னால் தாங்க முடியாது. அதை அன்றைக்கே தெளிவாகத் தெரிந்துகொண்டேன்.

அதனால் ஆட்சி என் கைக்கு வந்தது. எடைக் குறைப்பு பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. எனக்கே ஒரு டாக்டர் நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடைப்பிடிக்காததால் எல்லாம் மறக்காமல் அப்படியே இருந்தது. ரைஸ் குக்கரோடு வந்த கப்பை எடுத்து, காலையில் அரைக் கப் நாய் உணவு, மாலையில் அரைக் கப் என்று அளந்தேன். பசித்தால் வேகவைத்த சுரைக்காய், பீன்ஸ். சோறு கிடையாது, இட்லி கிடையாது. சோபாவின் மேல் நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டேன், ஏறக் கூடாது என்று. நாற்காலிகளுக்கு நடுவில் புகுந்து ஏறியது. மாலையில் கழுத்துவாரைக் கட்டிக் கடற்கரையில் அலைக்குத் தடுப்பாகப் போட்ட கற்கள் வரைக்கும் நடந்தோம். லாரிப் புழுதி மொத்தமும் எங்கள் இருவருக்கும்தான்.

ஞானபாக்கியம் அக்காவிடம் இனி முறுக்கு வேண்டாம் என்று சொன்னதற்கு அவர் நாலு நாள் என்னோடு பேசவில்லை. நான் வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுகிறேன் என்று தெருவில் மற்ற எல்லோரோடும் பேசினார். இவரோ தட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார். நாய் பார்த்துக்கொண்டிருந்தால் சோறு இறங்கவில்லையாம். கல்யாணமான நாளிலிருந்து நான் விரதம் இருக்கிற எல்லா வெள்ளிக்கிழமையும் என் எதிரில் உட்கார்ந்து மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டவர் இவர்.

வாரம் ஒரு தடவை எடை பார்த்துக் குறித்து வைக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தாள். அதற்கு இவர்தான் முன்னால் வந்தார். "எடை மெஷினுக்கா நமக்குப் பஞ்சம். ஞாயித்துக்கிழம கடையில போட்டுப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

முதல் ஞாயிறு. போல்ட்டைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. எனக்கு இருப்புக்கொள்ளாமல் நானே போன் போட்டேன். எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டேன். இரு என்றார், மெஷினில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு பதினொன்று நூற்றைம்பது என்றார்.

ஒரே வாரத்தில் ஒன்றேகால் கிலோ. மாதம் அரை கிலோ போதும் என்ற டாக்டர் எங்கே, நான் எங்கே. ஒரு ஆளும் இல்லாத வீட்டில், போனைக் காதில் வைத்தபடியே தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். சமையலறைக் காலண்டரில் பெரிதாக எழுதினேன். மகளுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். ஞானபாக்கியம் அக்காவுக்குக் கேட்கும்படி மாடிப்படியில் நின்று இன்னொரு தடவையும் சொன்னேன். இவ்வளவு வேகமாக எந்த நாயும் இளைக்காது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். புகழ் வருகிற நேரத்தில் யார் யோசிக்கிறார்கள்?

ஒரு மாதம் கழித்துக் கூட்டி வரும்படி டாக்டர் சொல்லியிருந்தாள். இளைத்துக்கொண்டிருக்கிற நாயை எதற்குக் கொண்டுபோய் வரிசையில் உட்கார வைப்பது என்று நான் போகவில்லை. ஒரேயடியாக ஒன்பது கிலோவில் கொண்டுபோய் நிறுத்தி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. இரண்டாவது வாரம், பாவம், இவ்வளவு பாடுபடுகிறதே என்று ஒரு முட்டை சேர்த்தேன். மூன்றாவது வாரம் காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த சங்கரா மீனில் முள் எடுத்து இரண்டு துண்டு. மீன் கொழுப்பு நல்ல கொழுப்பு என்று எங்கோ படித்திருந்தேன். மீனை வெறுமனே எப்படிச் சாப்பிடும் என்று கூடக் கொஞ்சம் சோறு. ஞாயிற்றுக்கிழமை எண்கள் பதினொன்று இருநூறு, பதினொன்று முன்னூறு என்று மெதுவாக ஏறத்தான் செய்தன. எப்படிப் பார்த்தாலும் முன்னைவிட ஒரு கிலோ குறைவுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலண்டரில் எழுதும் எழுத்து மட்டும் கொஞ்சம் சிறியதாகிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் எண்ணைச் சொல்லும்போதெல்லாம் இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாய் மேல் உள்ள கரிசனம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை. சிலிண்டர் வந்தது. போல்ட்டு வழக்கம்போல சோபாவிலிருந்து தாவியது. தரையில் விழுந்ததும் ஒரு சத்தம் போட்டது. அந்த மாதிரிச் சத்தம் அதனிடமிருந்து நான் கேட்டதே இல்லை. அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தால் முன்னங்கால் இரண்டும் நிற்கின்றன, பின்பக்கம் தரையில் கிடக்கிறது. அப்போதும் அது சும்மா இருக்கவில்லை. சிலிண்டர்காரரைப் பார்த்துக் குரைக்க வேண்டிய கடமை பாக்கி இருந்ததால், பின்னங்கால்களை ஈரத் துணி மாதிரி இழுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இவர் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்தார். கிளினிக்கில் ஜெனி முதலில் எடை பார்த்தாள். பன்னிரண்டு கிலோ எண்ணூறு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. உன் மெஷின் கெட்டுப் போயிருக்கிறது, எங்களிடம் வியாபார மெஷினே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தோம், பதினொன்றரை, நாங்கள் என்ன எடை பார்க்கத் தெரியாதவர்களா என்று அந்தப் பெண்ணை ஒரு பிடி பிடித்தேன். வரிசையில் இருந்தவர்கள் தங்கள் பூனைகளை மறந்து என்னைப் பார்த்தார்கள்.

ஜெனி அலமாரியிலிருந்து தையல் பிரிக்காத பத்துக் கிலோ நாய் உணவு மூட்டை ஒன்றை எடுத்து மெஷினில் வைத்தாள். பத்துக் கிலோ அறுபது கிராம் காட்டியது. அறுபது கிராம் சாக்கு என்றாள். உங்கள் மெஷினையும் இதே மாதிரி ஒரு தடவை சோதித்துப் பாருங்கள் என்றும் சொன்னாள். நான் இவர் பக்கம் திரும்பினேன். சுவரில் உண்ணிகளைப் பற்றி ஒரு படம் ஒட்டியிருந்தது. இவர் அதை, நாளைக்குப் பரீட்சை இருக்கிறது என்கிற மாதிரி, படித்துக்கொண்டிருந்தார்.

ஊசி போட்டார்கள். சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருக்கட்டும் என்றாள் ஜெனி. ஆறு வாரம் கூண்டுக்குள்தான் வைக்க வேண்டும், குதிக்கக் கூடாது, குலுங்கக் கூடாது. மருந்தின் அளவே எடையை வைத்துத்தான் என்பதால் வாரா வாரம் எடையைப் பார்த்துத் தனக்குச் சொல்ல வேண்டும். கடைசியில் போல்ட்டின் பின்னங்கால் விரல் ஒன்றை அழுத்திக் கிள்ளினாள். கால் துளி அளவு அசைந்தது.

"வலி தெரியுது. அதனால நம்பிக்கை இருக்கு. ஆனா வெயிட் குறையலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இந்தத் தடவ நெஜமா குறையணும் ஆன்ட்டி."

திரும்பும் வழியில் ஆட்டோவை நிறுத்தி மளிகைக் கடையில் ஒரு பத்துக் கிலோ அரிசி மூட்டை வாங்கினேன். வீட்டில் அரிசி இருக்கிறதே என்றார் இவர். ஆட்டோ வீட்டுக்குப் போகவில்லை, கடைக்குப் போனது.

டில்லிபாபு அப்போதுதான் டீ குடித்துக்கொண்டிருந்தார். மூட்டையைத் தூக்கி வாசல் மெஷினில் வைத்தேன். ஒன்பது கிலோ ஐம்பது கிராம். இறக்கிவிட்டு மறுபடியும் வைத்தேன். அதேதான். டில்லிபாபு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உதவிக்கு வந்தார்.

"அக்கா, அது வாங்குற மெஷினுக்கா. பத்துக்கு ஒம்போதுதான் காட்டும். உனுக்குக் கரெக்டு எடை வோணும்னா உள்ள லோடு அனுப்புற மெஷினு கீது பாரு, அதுல வையி."

உப்பு டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னார். எனக்குத் தெரியாமல் இருக்கும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. முதலாளி வீட்டம்மாவுக்குக் கடையின் சங்கதி தெரியாமல் இருக்குமா?

நான் திரும்பினேன். இவர் ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"மொத ஞாயித்துக்கிழமையே தெரியும்" என்றார். "உள்ள கொண்டுபோயி வைக்கத்தான் போனேன். அதுக்குள்ள நீ போன் போட்டுட்ட. இதுல என்ன காட்டிச்சோ அத அப்படியே சொல்லிப்புட்டேன். நீ சிரிச்ச. மக போன பொறவு நீ அப்படிச் சிரிச்சு நான் கேக்கவே இல்ல. பொறவு எப்படிளா மாத்திச் சொல்லுவேன்?"

நாலு வார்த்தை திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். நாயின் காலை முடக்கியது இவர் சொன்ன எண். அந்த எண்ணை நம்பி மீனும் சோறும் ஊட்டிய கை என்னுடையது. அதுகூடப் பரவாயில்லை. இந்த மெஷின் இப்படி என்று எனக்குத் தெரியாதே என்று சொல்ல நினைத்தபோதுதான் நாக்கு நகரவில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இந்தக் கடைக்கு வந்து வாசல் மெஷினுக்கு ஒரு சந்தனப் பொட்டு, உள் மெஷினுக்கு ஒரு சந்தனப் பொட்டு வைக்கிறவள் நான். ஒரு கடைக்கு எதற்கு இரண்டு மெஷின் என்று ஒரு வருடமாவது கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று எனக்குள் எங்கோ தெரிந்துதான் இருந்தது. வெட்கமாக இருந்தது. அரிசி மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தேன்.

டில்லிபாபு பழைய ஏர்கூலர் ஒன்றை வெட்டி, விளிம்பெல்லாம் தேய்த்து, ஒரு கூண்டு செய்து கொண்டுவந்தார். போல்ட்டு அதற்குள் படுத்துக்கொண்டு தெருவில் போகிற எல்லாவற்றுக்கும் படுத்தபடியே பதில் சொன்னது. நான் கப்பை மறுபடியும் எடுத்தேன். இந்தத் தடவை முட்டை இல்லை, மீன் இல்லை, பாவம் என்ற பேச்சும் இல்லை. ஞானபாக்கியம் அக்கா இறங்கி வந்து கூண்டைப் பார்த்து அழுதார், அவரே சுரைக்காய் நறுக்கிக் கொடுத்தார். அதில் தாளித்திருக்கிறாரா என்று முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினேன். யாரையும் நம்புகிற நிலைமையில் நான் இல்லை.

எடை பார்ப்பதுதான் சிக்கலாக இருந்தது. தேரடி வரைக்கும் வாரா வாரம் ஆட்டோவில் கொண்டுபோனால் ரோட்டுப் பள்ளத்தில் மிச்சமிருக்கிற டிஸ்க்கும் நழுவிவிடும். கடை என்றால் இரண்டே தெரு, தக்காளி ட்ரேயில் மெத்தை போட்டுப் படுக்க வைத்துக் கையிலேயே தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் உள் மெஷின் கோடவுனின் கடைசியில் இருக்கிறது. தகரக் குவியல் மேல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். ட்ரேயோடு நான் ஏறினால் நாயும் விழும் நானும் விழுவேன். இவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. டில்லிபாபுவையும் இன்னொருவரையும் கூப்பிட்டு உள் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, வாசலில் பழைய மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். பாசம் வந்துவிட்டால் இவருக்கு வியாபார புத்தி வேலை செய்யாது. நானும் அன்றைக்கு அதைக் கவனிக்கவில்லை.

முதல் இரண்டு ஞாயிறும் மழை, வண்டிகள் வரவில்லை. போல்ட்டு பன்னிரண்டு எழுநூறு, பன்னிரண்டு நானூறு என்று வந்தது. மூன்றாவது ஞாயிறு நல்ல வெயில். சந்து முனை வரைக்கும் வண்டிகள் நின்றன. ட்ரேயைத் தனியாக வைத்துப் பார்த்துக் கழித்துக்கொண்டு, பிறகு போல்ட்டை அதில் படுக்க வைத்தோம். பன்னிரண்டு நூறு. உண்மையான பன்னிரண்டு நூறு. மருந்தை ஒரு படி இறக்க ஜெனி சொன்ன எடை அது. அதோடு, ட்ரேயின் விளிம்பில் அதன் வலது பின்னங்கால் ஒரு தடவை உதைத்தது. நான் பார்த்தேன். டில்லிபாபுவும் பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து எண்ணே தெரியவில்லை.

வரிசையில் முதலாவதாக ரமாபாய் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். தண்டையார்பேட்டையிலிருந்து தெருத் தெருவாகப் பழைய இரும்பு வாங்கிக்கொண்டு, மீன்பாடி வண்டியைத் தானே மிதித்துக்கொண்டு எங்கள் கடைக்கு வருகிறவர். அவருடைய மூட்டை பழைய மெஷினில் இருந்தது. இருபத்தேழு கிலோ காட்டியது. அவர் அந்த எண்ணைப் பார்த்தார். பக்கத்து மெஷினில் படுத்திருந்த போல்ட்டைப் பார்த்தார்.

"இன்னா மொதலாளி, நாய்க்கு ஒரு மெஷினு, எனுக்கு ஒரு மெஷினா?"

இவர் சிரிக்கப் பார்த்தார். "அது மருந்துக்காகம்மா. நாய்க்கு எடை கரெக்டாத் தெரியணும், இல்லேன்னா..." என்று சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. வரிசையில் இருந்த எல்லோர் காதிலும் விழுந்தது.

ரமாபாய் முன்னால் வந்தார். குனிந்து ட்ரேயின் இரண்டு பக்கமும் கைகொடுத்து, கொஞ்சமும் குலுங்காமல் தூக்கி என் கையில் கொடுத்தார். பிறகு தன் மூட்டையை இழுத்து அந்த மெஷினில் வைத்தார். முப்பது.

"பன்னெண்டு வருசமா இங்கதான் போட்டுகினு கீறேன்" என்றார்.

டில்லிபாபு இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். எல்லைக்குள் தலையிடாமல் இருந்த இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக நான் கடையில் வாயைத் திறந்தேன்.

"டில்லி, முப்பதுன்னே போடுங்க" என்றேன்.

அடுத்து நின்ற ஆள் தன் சாக்கைப் பழைய மெஷினைத் தாண்டி இழுத்துக்கொண்டு வந்து இதில் வைத்தார். அவருக்குப் பின்னால் நின்றவரும் அப்படியே செய்தார். யாரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பிப் பேசிக் கொஞ்சம் ஆறியிருப்பேன். அன்றைக்குக் கடைசி வண்டி போகும் வரைக்கும் பழைய மெஷின் மேல் ஒரு தகரத் துண்டுகூட ஏறவில்லை. நான் ட்ரேயை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். என் முகம் காந்தியது.

வண்டிகள் எல்லாம் போன பிறகு இவர் என் பக்கத்தில் வந்து நின்றார். போல்ட்டின் காதைத் தடவினார். நாளைக்கே வீட்டுக்கு ஒரு சின்ன எடை மெஷின் வாங்கிப் போட்டுவிடலாம், நாயை ஏன் இந்த வெயிலில் இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வர வேண்டும், உனக்கும் முழங்கால் வலி என்றார். என் முழங்காலைப் பற்றி இவர் கவலைப்பட்டது அதுவே முதல் தடவை. போல்ட்டு வராத ஞாயிற்றுக்கிழமை இந்த மெஷின் மறுபடியும் கோடவுனுக்குள் போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் போனால் நானும் கேட்காமல் விட்டுவிடுவேன் என்பதும் தெரியும்.

வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கேதான் எடை பார்ப்பேன் என்றேன். இவர் மெஷினைத் திரும்பிப் பார்த்தார்.

"கால் சரியாப் போன பொறவுமா?" என்றார்.

"நடந்தே வரும்" என்று சொல்லிவிட்டு ட்ரேயைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.